சி8 கட்டத்துக் கைதி

காட்பாடி ஜங்ஷனில் காலையில் ஏறி ஆம்பூரில் இறங்கும் கூட்டத்தில் பாதிப்பேர் தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். எங்கள் பெட்டியில் ஒரு காந்த செஸ் பலகை உண்டு. ஜன்னல் ஓரத்தில் உட்காரும் அண்ணன் ஒருவர், ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருப்பவர், எப்போதும் கறுப்பைத்தான் கேட்டு வாங்குவார். எதிரில் இருப்பவர் ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அவரும் தள்ளுவார். அடுத்து எதிராளி பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, ‘எடுத்துக்கொள்’ என்று நீட்டினால் எடுக்க மாட்டார். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திவிட்டு டீ வாங்கப் போய்விடுவார். 2020-இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன், “இதுதானே அண்ணா, குயின்ஸ் கேம்பிட்?” என்று ஒருநாள் கேட்டான். “அவன் கொடுத்தது அது. நான் வாங்கலையே” என்றார்.

வாங்காமல் விட்ட அந்த ஆட்டத்துக்குச் செஸ் உலகத்தில் குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் என்று பெயர். ‘மறுக்கப்பட்ட ராணி கேம்பிட்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இருபக்கமும் இதில் எதைத் தேடுகிறது, ஒன்றரை நூற்றாண்டாக உலக சாம்பியன்கள் எந்தக் கேள்விக்கு விடை தேடி இதையே திரும்பத் திரும்ப ஆடியிருக்கிறார்கள், ஆனந்தும் குகேஷும் அதில் எங்கே வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்களைச் சரிசெய்துகொள்வோம். பலகையின் செங்குத்து வரிசைகளை வெள்ளையின் இடக்கையிலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்றும், குறுக்கு வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் எண்ணுகிறோம். மூலைவிட்டத்தில் ஓடும் காயை மந்திரி என்பவர்கள் உண்டு. ராணியையே மந்திரி என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. குழப்பம் வேண்டாம், பிஷப் என்றே எழுதுகிறேன். ரூக் என்பது யானை. அண்ணன் ஆடும் ஆட்டம் இந்தக் கணக்கில் இப்படி வரும்: 1. டி4 டி5 2. சி4 இ6.

கேம்பிட் என்ற சொல் இத்தாலிய மொழியில் காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மல்யுத்தத்தில் காலை இடறி விழவைப்பதைச் சொல்லும் வார்த்தை அது. நம் ‘கால் வாருதல்’ இதற்குப் பொருத்தமான மொழிபெயர்ப்பு. ஆனால் ராணி கேம்பிட்டில் வெள்ளை உண்மையில் எதையும் தியாகம் செய்வதில்லை. கறுப்பு சி4 சிப்பாயை எடுத்துக்கொண்டு, அதை பி5 சிப்பாயால் காப்பாற்றப் பார்த்தால் என்ன ஆகும்? 2... டி5 எடு சி4 3. இ3 பி5 4. ஏ4 சி6 5. ஏ எடு பி5, சி எடு பி5 6. ராணி எஃப்3. ஏ8 மூலையில் நிற்கும் யானை அம்பலமாகிவிடும். அதைக் காக்க ஒரு காயைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே எடுத்தாலும் சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆடுவதே முறை. எடுப்பவர் நடுப்பகுதியை விட்டுத்தருகிறார். எடுக்காதவர் நடுப்பகுதியில் காலூன்றி நிற்கிறார். அந்த வித்தியாசம்தான் முக்கியம், சிப்பாய்க் கணக்கு அல்ல.

இந்த ஆட்டத் தொடக்கம் பழசு. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கோட்டிங்கன் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கிறது. சிரியாவின் அலெப்போ நகரத்தில் பிறந்த பிலிப் ஸ்டாமா 18-ஆம் நூற்றாண்டில் இதைப் பரிந்துரைத்ததால் அலெப்போ கேம்பிட் என்றும் ஒரு காலத்தில் பெயர் இருந்தது. நம் பக்கத்துத் திண்ணைகளில் ஆடிய நாட்டு முறைச் சதுரங்கத்தில் இப்படியொரு தொடக்கம் வந்திருக்கவே முடியாது என்பது என் எண்ணம். அந்த முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஆட்டத்தில் ஒருமுறை குதிரைபோலத் தாண்டலாம். டி4, சி4 இரண்டுக்கும் நான்கு நகர்வுகள் செலவழிப்பதற்குள் எதிராளியும் தன் வீட்டைக் கட்டி முடித்துவிடுவார். இரண்டாவது நகர்விலேயே சிப்பாய் மோதல் என்பது இரண்டு கட்டம் தாண்டும் சிப்பாய் தந்த வரம்.

சரி, இ6 என்று நகர்த்தியதும் கறுப்புக்கு என்ன கிடைத்தது, என்ன போனது? கிடைத்தது: டி5 சிப்பாய் பாறைபோல நிற்கிறது, எஃப்8-இல் இருக்கும் பிஷப்புக்கு வழி திறந்தது, ராஜாவை சீக்கிரம் கேஸ்லிங் செய்து பத்திரப்படுத்தலாம். போனது ஒன்றே ஒன்று. சி8-இல் நிற்கும், வெள்ளைக் கட்டங்களில் ஓடும் பிஷப்பின் வாசலில் தன் சிப்பாயே குறுக்கே விழுந்து படுத்துவிட்டது. இ6 சிப்பாயும் டி5 சிப்பாயும் வெள்ளைக் கட்டங்களில் நிற்கின்றன. பிஷப் ஓடவேண்டிய கட்டங்களும் அவைதாம். சொந்த வீட்டிலேயே கைதி. இந்தத் தொடக்கத்தின் கிளைகள் எத்தனை இருந்தாலும், ஆர்த்தடாக்ஸ், லாஸ்கர், டார்ட்டகோவர் என்று எத்தனை பெயர் சூட்டினாலும், கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்தக் கைதியை எப்போது, எந்த வழியாக விடுவிப்பது? வெள்ளையின் பக்கத்திலிருந்து கேட்டால்: விடுதலையை எப்படித் தள்ளிப்போடுவது, அல்லது விடுதலைக்கு என்ன விலை வாங்குவது?

வெள்ளையின் கையில் இருப்பவை இவை. நடுவில் கூடுதல் இடம். சி வரிசை திறந்தால் அதில் யானையை நிறுத்தும் வாய்ப்பு. என்றாவது ஒருநாள் இ4 என்று தள்ளி நடுப்பகுதி முழுவதையும் விழுங்கும் கனவு. கறுப்புக்கு இரண்டு நெம்புகோல்கள்: சி5, இ5. இந்த இரண்டில் ஒன்றையாவது சரியான நேரத்தில் தள்ளிவிட்டால் இடநெருக்கடி தீரும், பிஷப்புக்கு மூச்சு வரும். இரண்டையும் தள்ள முடியாமல் 20 நகர்வு தாண்டிவிட்டால் பெரும்பாலும் மெல்ல மூச்சுத் திணறித் தோற்க வேண்டியதுதான்.

வெள்ளை பழைய காலத்திலிருந்து செய்வது பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுவந்து எஃப்6 குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிவைப்பது. குதிரை டி5-ஐக் காக்கிறது. அதைக் கட்டினால் டி5 தளரும் என்பது கணக்கு. இங்கே அவசரக்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 1. டி4 டி5 2. சி4 இ6 3. குதிரை சி3, குதிரை எஃப்6 4. பிஷப் ஜி5, குதிரை பி-யிலிருந்து டி7 5. சி எடு டி5, இ எடு டி5. குதிரை கட்டுண்டு கிடக்கிறது, டி5 சிப்பாய் சும்மா கிடைக்கிறது என்று வெள்ளை 6. குதிரை எடு டி5 என்று பாய்ந்தால், கறுப்பு கட்டை அறுத்துக்கொண்டு குதிரையால் எடுக்கும். 7. பிஷப் எடு டி8, ராணி போயிற்று. ஆனால் 7... பிஷப் பி4 செக்! வெள்ளைக்குத் தன் ராணியை டி2-இல் குறுக்கே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. எல்லாம் முடிந்து தூசி அடங்கியதும் கறுப்பிடம் ஒரு காய் கூடுதலாக இருக்கும். இதற்கு யானைப் பொறி என்று பெயர். இதில் யானை ஓர் அடிகூட எடுத்துவைப்பதில்லை என்பதைச் சொன்னபோது எங்கள் பெட்டியில் ஒரே சிரிப்பு. ஐரோப்பாவில் அந்தக் காய்க்கு யானை என்று பெயர் கிடையாது, பாவம்.

கைதியை விடுவிக்கும் பெரிய முறைகளில் ஒன்றைத் தந்தவர் கபாபிளாங்கா. 1927-இல் பியூனஸ் அயர்ஸில் அவருக்கும் அலெகைனுக்கும் நடந்த உலக சாம்பியன் போட்டியில் 34 ஆட்டங்கள். அவற்றில் 32 இந்தத் தொடக்கம்தான். அலெகைன் 6 வெற்றி, கபாபிளாங்கா 3, மீதி 25 டிரா. இன்றைய ரசிகர் அந்தப் பட்டியலைப் பார்த்தால் கொட்டாவி விடுவார். ஆனால் இரண்டு மேதைகள் ஒரே அறையில் ஒரே பூட்டை மாறி மாறித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எடுத்துக்கொண்டால் அந்த ஆட்டங்களின் சுவை வேறு. கபாபிளாங்காவின் பெயரால் வழங்கும் முறை இது: வெள்ளை டி3-க்குத் தன் பிஷப்பைக் கொண்டுவரும்வரை பொறுத்திரு, வந்ததும் டி5 சிப்பாயால் சி4-ஐ எடு, வெள்ளை பிஷப் ஒரே வேலைக்கு இரண்டு நகர்வு செலவழித்து அதைத் திருப்பி எடுக்கும். கிடைத்த அந்த ஒரு நகர்வில் குதிரையை டி5-க்குத் தாவவிடு. ஜி5 பிஷப்பும் இ7 பிஷப்பும் மாறும், சி3 குதிரையும் டி5 குதிரையும் மாறும், பிறகு இ5 என்று தள்ளு. கூட்டம் குறைந்த அறையில் கைதி தானாக வெளியே நடப்பான். இடம் குறைவாக இருப்பவன் காய்களை மாற்ற வேண்டும், இடம் அதிகமாக இருப்பவன் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அதே கொள்கையை இன்னும் துணிச்சலாகச் செய்தவர் 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர். கேஸ்லிங் முடிந்ததும், ஜி5-க்கு வந்த வெள்ளை பிஷப்பை ஹெச்6 சிப்பாயால் ஹெச்4-க்குத் துரத்திவிட்டு, குதிரையை நேராக இ4-இல் கொண்டுபோய் நடுவில் நிறுத்துவது. உடனே இரண்டு ஜோடிக் காய்கள் மாறிவிடும். சோம்பேறித்தனமான டிராவுக்கு ஆடும் முறை என்று பல காலம் இதை ஏளனம் செய்தார்கள். 2010 மே 11 அன்று சோஃபியாவில் அந்த ஏளனம் அடங்கியது.

உலக சாம்பியன் போட்டியின் கடைசி, 12-ஆவது ஆட்டம். ஆனந்தும் டோபலோவும் ஐந்தரைக்கு ஐந்தரை. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியே வந்து சேர்ந்த ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். லாஸ்கர் முறையை ஆடினார். 13-ஆவது நகர்வில் பி6, அடுத்து சி5. நெம்புகோல் வேலை செய்தது. பிறகு அந்தக் கைதி பிஷப்பின் பயணத்தைப் பாருங்கள்: பி7, அங்கிருந்து ஏ6, டி3, மறுபடி ஏ6, மறுபடி பி7, கடைசியில் 28-ஆவது நகர்வில் ஏ8 மூலை. வேலையில்லாமல் திண்ணை மாறித் திண்ணை உட்காரும் ஆள்போல. டோபலோவ் ரேப்பிட் டைபிரேக்கர் வேண்டாம் என்று, இங்கேயே முடிக்க நினைத்து 31-ஆவது நகர்வில் இ சிப்பாயால் எஃப்5-ஐ எடுத்தார். ஆனந்த் 31... இ4 என்று சிப்பாயைக் கொடுத்தார். 32. எஃப் எடு இ4, ராணி எடு இ4 செக். மூலையில் ஒதுங்கியிருந்த பிஷப்புக்கு முன்னால் ராணி, இருவருக்கும் நேரே வெள்ளை ராஜா. அந்த ஏ8 முதல் ஹெச்1 வரையிலான மூலைவிட்டம் முழுவதும் கறுப்பின் சொத்தாகிவிட்டது. 56-ஆவது நகர்வில் டோபலோவ் கைகொடுத்தார், ஆறரைக்கு ஐந்தரை. கபாபிளாங்காவின் வழியில் கைதி வெளியே நடந்து வருவான். இங்கே அவன் மூலையிலேயே காத்திருந்தான். சுவர்தான் இடிந்தது.

டார்ட்டகோவர் பெயரால் வழங்கும் முறை பி6 என்று பக்கத்துச் சுவரில் ஒரு வாசல் வைப்பது. பிஷப் பி7-க்கு வந்து நீண்ட மூலைவிட்டத்தைப் பார்க்கும். இதற்கு வெள்ளை வைத்திருக்கும் பதில் தந்திரமானது: டி5-இல் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, கறுப்பை இ சிப்பாயால் டி5-இல் திருப்பி எடுக்க வைப்பது. இப்போது பிஷப் பி7-க்குப் போனால் தன் டி5 சிப்பாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும். வாசல் வைத்த பக்கத்தில் தெரு இல்லை. 1972-இல் ரெய்க்யவிக்கில் 6-ஆவது ஆட்டம் இதற்கு இலக்கணம். பெரும்பாலும் இ4 ஆடிவந்த ஃபிஷர் அன்று சி4 என்று தொடங்கி இந்த நிலைக்கு வந்தார். ஸ்பாஸ்கி பிஷப்பை இ6-இல் நிறுத்தினார். சி5, டி5 என்று இரு சிப்பாய்கள் அக்கம்பக்கத்தில் துணையில்லாமல் நின்றன. செஸ்காரர்கள் இவற்றைத் தொங்கும் சிப்பாய்கள் என்பார்கள். அசையாமல் இருக்கும்வரை பலம், அசைந்தால் பலவீனம். ஃபிஷர் 19-ஆவது நகர்வில் குதிரையால் அந்த இ6 பிஷப்பையே எடுத்துவிட்டு, 20. இ4 என்று தள்ளினார். டி4 என்று சிப்பாய் நகர்ந்ததும் சி4 கட்டம் ஃபிஷரின் பிஷப்புக்கு நிரந்தர வீடாயிற்று. ஆட்டம் முடிந்ததும் ஸ்பாஸ்கியே கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினார். தோற்றவர் கைதட்டிய உலக சாம்பியன் போட்டி ஆட்டம் வேறு எனக்குத் தெரியவில்லை.

தொங்கும் சிப்பாய்கள் எப்போதும் கெட்டவை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக்கூடாது. 1886-இல் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன் போட்டியிலேயே, 9-ஆவது ஆட்டத்தில், சுகர்டோர்ட்டின் தொங்கும் சிப்பாய்களை ஸ்டைனிட்ஸ் குறிவைத்து வென்றார். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அவை பலமா பலவீனமா என்ற வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. தீர்ப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. சுற்றிலும் காய்கள் நிறைய இருந்தால் சிப்பாய்க்காரனுக்குச் சாதகம், காய்கள் குறையக் குறைய எதிராளிக்குச் சாதகம். இது மட்டும் நிலையானது.

கட்டிங் பிரிவு அண்ணனிடம், “இந்த பிஷப்பை வைத்துக்கொண்டு எப்படி அண்ணா ஆடுகிறீர்கள், எரிச்சலாக இல்லையா?” என்று கேட்டேன். அவர் தோலைப் பற்றிச் சொன்னார். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, முள் கிழித்த வடு, உண்ணி கடித்த தழும்பு இல்லாத தோல் வராது. வடுவை அழிக்க முடியாது. அச்சை வைக்கும்போது வடு ஷூவின் உள்பக்கம், மடிப்புக்குள், நாக்குப் பகுதிக்குக் கீழே போகும்படி திருப்பி வைத்து வெட்ட வேண்டும். முகப்புக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். “இந்த பிஷப்பும் வடு மாதிரிதான். முகப்புக்கு வராம பாத்துக்கணும்.” செஸ் புத்தகங்களில் கெட்ட பிஷப் பற்றி நான் படித்த பல அத்தியாயங்களைவிட இது தெளிவாக இருந்தது. கெட்ட பிஷப் நல்ல சிப்பாய்களைக் காக்கும் என்று செஸ்காரர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். இ6-ஐயும் டி5-ஐயும் உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருக்கும் வேலை, கண்ணுக்குத் தெரியாத மடிப்பு வேலை.

இனி வருவது எனக்கு மிகப் பிடித்த பகுதி. வெள்ளையே கைதியை விடுதலை செய்துவிட்டு, வெளியே வந்தவனை வேட்டையாடும் கிளை. எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன்: சி4 சிப்பாயால் டி5-ஐ எடுத்து, கறுப்பை இ6 சிப்பாயால் திருப்பி எடுக்க வைப்பது. இ6 காலியாகிவிட்டது, சி8 பிஷப்புக்கு ராஜபாட்டை திறந்துவிட்டது. அப்படியென்றால் வெள்ளைக்கு இதில் என்ன லாபம்? சிப்பாய் அமைப்பு. இப்போது ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு ஏ, பி என்று இரண்டு சிப்பாய், கறுப்புக்கு ஏ, பி, சி என்று மூன்று. எண்ணிக்கையில் குறைந்தவன் தாக்குகிறான், அதனால் சிறுபான்மைத் தாக்குதல் என்று பெயர். வெள்ளை பி4, பி5 என்று ஊர்ந்து சி6-ஐ மோதும். மாற்றம் முடிந்ததும் கறுப்பிடம் சி6-இல் ஓர் அநாதைச் சிப்பாய் மிஞ்சும். சி வரிசையில் நிற்கும் வெள்ளை யானைகளுக்கு அதுதான் நாற்பது நகர்வுக்கான தீனி.

கறுப்பு கைகட்டிக்கொண்டு இருக்குமா? குதிரையை இ4-இல் நட்டு, எஃப்5 என்று தாங்கி, யானையை இ6 வழியாக ஜி6-க்குக் கொண்டுபோய் ராஜா பக்கம் தாக்கும். அல்லது தானே பி5 என்று தள்ளி வெள்ளையின் ஊர்வலத்தை மறித்துவிட்டு, சி6 பலவீனத்தை மறைக்கக் குதிரையை சி4-இல் உட்காரவைக்கும். சி4-இல் உட்கார்ந்த குதிரை வரிசையையே அடைத்துவிடுவதால் சி6 சிப்பாய் தப்பிக்கும். ஒருவன் கிழக்கே தீ வைத்தால் மற்றவன் மேற்கே தீ வைக்கும் ஆட்டம் இது. யார் வீடு முதலில் எரிகிறது என்பதில்தான் முடிவு.

வெள்ளைக்கு இன்னொரு திட்டம் உண்டு, அது போட்வினிக் காட்டியது. குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவராமல் இ2-இல் வைத்து, எஃப்3 என்று சிப்பாயை நகர்த்தி, நேரம் பார்த்து இ4 என்று நடுவில் பெருக்கெடுப்பது. 1952-இல் கெரஸை அவர் வென்ற ஆட்டம் இதற்குப் பாடநூல் உதாரணம். சோவியத் பள்ளியின் இந்தச் சிப்பாய்ச் சிந்தனை தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த வழியும் நமக்குத் தெரிந்ததுதான். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் 1972-இல் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் அங்கே ஆடி வளர்ந்தவர்.

மூன்றாவது திட்டம் அடாவடி. வெள்ளை ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்துகொண்டு ஜி4, ஹெச்4 என்று சிப்பாய்களை அவிழ்த்துவிடுவது. ‘ராஜா இல்லாத கோட்டை’ என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். இந்த ஆட்டத்தில் ராஜா பக்கத்துக் கோட்டை அப்படித்தான் காலியாகக் கிடக்கும், அதன் மதில்களைப் பெயர்த்து எதிராளி மேல் வீச வெள்ளைக்கு அட்டி இல்லை.

குகேஷ் இதில்தான் வருகிறார். 2024 நவம்பர் 27, சிங்கப்பூர். டிங் லிரெனோடு முதல் ஆட்டத்தில் வெள்ளையில் தோற்று, இரண்டாவது டிரா. மூன்றாவது ஆட்டத்தில் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன். 6. ராணி சி2 என்று ஆடி எஃப்5 கட்டத்துக்குக் காவல் போட்டார். கைதியின் முதல் தங்குமிடம் அது. டிங் ஜி6 என்று தாங்கிவிட்டு 7... பிஷப் எஃப்5 என்று வெளியே வந்துவிட்டார். கறுப்பு ஆடுபவர்களுக்கு இது திருவிழா: இந்தத் தொடக்கத்தில் ஏழாவது நகர்விலேயே அந்த பிஷப் வாசலைத் தாண்டி நிற்கிறது, வெள்ளை ராணியை வேறு மிரட்டுகிறது. குகேஷ் 8. ராணி பி3. டிங் ராணி பி6. 9. ஜி4! பிஷப் விரட்டப்பட்டது. ராணிகள் மாறின, பிஷப் பின்வாங்காமல் முன்னே பாய்ந்து சி2-க்குப் போனது, வெள்ளையின் வீட்டு நடுவிலேயே. போன வேகத்தில் திரும்பிவர வழி அடைந்துவிட்டது. டிங் நேரத்தைக் கரைத்துக்கொண்டே போனார். மாட்டிக்கொண்ட அந்தக் காயை இழந்தார். 37-ஆவது நகர்வில் கடிகாரத்தில் நேரமும் தீர்ந்து தோற்றார். போட்டி சமமானது, டிசம்பர் 12-இல் 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

2010-இல் ஏ8 மூலையில் ஒதுங்கிக் கிடந்த பிஷப் ஆனந்துக்குப் பட்டத்தைக் காப்பாற்றித் தந்தது. 2024-இல் ஊர் சுற்றக் கிளம்பிய அதே பிஷப் டிங்குக்கு ஓர் ஆட்டத்தைத் தொலைத்தது. காயின் அசைவை வைத்து விடுதலையை அளப்பது தப்பு என்று எனக்குப் படுவது இதனால்தான். பிஷப் எத்தனை கட்டம் பார்க்கிறது என்பது கணினிக்குக்கூட எளிதாக எண்ணிச் சொல்லக்கூடிய விஷயம். அது பார்க்கும் கட்டங்களில் எதிராளி என்றாவது வந்து நிற்பானா என்பதுதான் யோசிக்க வேண்டியது.

பிஷப்பை ஜி5-க்குப் பதில் எஃப்4-இல் நிறுத்தும் முறை இந்த நூற்றாண்டில் பெருவழக்காகிவிட்டது. காய்களை மாற்றும் வாய்ப்பைக் கறுப்புக்குத் தராதே என்பது அதன் உட்பொருள். கபாபிளாங்காவும் லாஸ்கரும் கண்டுபிடித்த கதவுகள் இதனால் அடைபடுகின்றன. 2014 நவம்பரில் சோச்சியில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கார்ல்ஸனை ஆனந்த் வென்ற 3-ஆவது ஆட்டம் இப்படிப்பட்டது. 7. சி5 என்று சிப்பாயை முன்னே தள்ளி இடத்தைப் பிடித்தார் ஆனந்த். கார்ல்ஸன் பி6, ஏ5 என்று கடித்து, 10... பிஷப் ஏ6 என்று கைதியை வெளியே கொண்டுவந்து மாற்றியும் விட்டார். பாடநூல்படி கறுப்பின் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஆனந்தின் சி சிப்பாய் சி6, சி7 என்று இறங்கிப் போய், பிஷப் பிறந்த சி8 கட்டத்துக்கு ஓரடி முன்னால் ஆணிபோல நின்றது. அதை ஒழிக்கவே கறுப்பின் காய்களுக்கு நேரம் போதவில்லை. 29-ஆவது நகர்வில் எடுத்தபோது வெகு தாமதம். 34-இல் முடிந்தது. போட்டியில் கார்ல்ஸன் வென்றார் என்றாலும், அந்த ஒரு மாலை நம் ஊர் டீக்கடைகளில் பேச்சாக இருந்தது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இ6-க்குப் பதில் சி6 ஆடினால் பிஷப்பின் வாசல் அடைபடாது. அது ஸ்லாவ், தனிக் கட்டுரைக்கான விஷயம். இரண்டையும் சேர்த்து ஆடுவது செமி ஸ்லாவ்: 2008-இல் பான் நகரில் கிராம்னிக்கை 3-ஆவது, 5-ஆவது ஆட்டங்களில் கறுப்பில் ஆனந்த் வீழ்த்தியது அதில்தான், அங்கேயும் பி7-க்கு வந்த பிஷப்தான் ராஜாவைக் குறிவைத்தது. டார்ராஷ் முறையில் கறுப்பு 3... சி5 என்று உடனே தள்ளித் தனிச் சிப்பாயை ஏற்றுக்கொண்டு காய்களுக்கு விடுதலை வாங்கும். 1969-இல் பெட்ரோசியனை வீழ்த்த ஸ்பாஸ்கி நம்பியது அது. வெள்ளை ஜி3 ஆடி, பிஷப்பை ஜி2-இல் வைத்து டி5-ஐ எட்டத்திலிருந்து அழுத்துவது கேட்டலான். இதில் கறுப்பின் கைதிக்கு எதிரே அதே நிறக் கட்டங்களில் ஒரு காவலாளி வந்து நிற்கிறான் என்பதால் சிக்கல் இன்னும் நுட்பமானது. கணினிகள் இவை எல்லாவற்றையும் அலசி ஏறக்குறைய சமம் என்கின்றன. சமம் என்று அவை சொல்லும் நிலையில் நம்மைப் போன்றவர்கள் 20 நகர்வுக்குள் தோற்றுக்காட்டுவோம்.

புதிதாகக் கற்பவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், கறுப்பில் லாஸ்கர் முறை, வெள்ளையில் எக்ஸ்சேஞ்ச் என்பேன். இரண்டிலும் மனப்பாடம் குறைவு, சிப்பாய்களின் பேச்சைக் கேட்கும் பழக்கம் வளரும். யானைப் பொறியை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அது எப்போதாவது ஒருமுறைதான் வாய்க்கும், ஆனால் வாய்க்கும்போது எதிராளியின் முகம் பார்க்கக் கிடைக்கும்.

போன வாரம் அண்ணனோடு நான் வெள்ளை. குடியாத்தம் தாண்டும்போது சி வரிசையில் என் இரண்டு யானைகளும் நின்றிருந்தன, அவருடைய சி6 சிப்பாய் தனித்து நின்றது, புத்தகத்தில் இருப்பதுபோலவே. மேல்பட்டியில் அவர் குதிரை சி4-இல் வந்து உட்கார்ந்தது. பச்சகுப்பத்தில் நான் அதை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூர் வந்ததும் பலகையை மடிப்பதற்கு முன் அவர் ஒருமுறை பார்த்தார். அவருடைய பிஷப் சி8-ஐ விட்டு அசையவே இல்லை. “அவசரமில்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.